ஆறு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும்

பீன்ஸ் காம்பைக் கிள்ளிக்கொண்டே அவள் மூன்றாவது தடவையாகச் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தைந்து.

அடுப்பில் பருப்பு. காலைக் கட்டிக்கொண்டு, பல் முளைக்கிற எரிச்சலில் சிணுங்கும் குழந்தை. இன்னும் இருபத்தைந்து நிமிஷத்தில் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தாக வேண்டும்.

அவருக்கு ஈரலில் கொழுப்பு. சோபா தைக்கிற பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. வயிறுதான் முதலில் வீட்டுக்குள் நுழையும், பின்னால் அவர். பட்டறையில் பட்டப்பெயரே ‘மெத்தை’தான்.

“காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறுக்குள்ள சாப்பாட்டை முடிச்சிடணும். ஆறு மணிக்கு மேல தண்ணி மட்டும். அறுபது வயசுல யார் தோளையும் பிடிக்காம நடக்கணும்னா இப்பவே வாயைக் கட்டுங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனாலே அவள் கண் கடிகாரத்தின் மேல்தான்.

முதல் மாதம் இரண்டு தடவை சமையல் பிந்திவிட்டது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் பிந்திவிடுமோ என்று ஓடின ஓட்டத்தில் கொதிக்கிற பாத்திரம் சரிந்து, அவள் கை வெந்துபோனது. குழந்தை இரண்டடி தள்ளித் தவழ்ந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதமாக எப்படியோ ஆறுக்குள் முடிந்துவிடுகிறது. நாளைக்கு ஸ்கேன். கொழுப்பு குறைந்திருக்கணுமே...

“என்னம்மா, இன்னும் காயே நறுக்கலையா?”

நாத்தனார். அவருடைய அக்கா. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குரல் உள்ளே வந்துவிடும்.

“ஆயிடும் அண்ணி. இப்பத்தானே அஞ்சரை தாண்டுது.”

“அஞ்சரையா? நல்லா இருக்கே கதை! மணி ஆறு அஞ்சு.”

நாத்தனார் போனை நீட்டினாள். அவள் பீன்ஸைப் போட்டுவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டில் இருக்கிற ஒரே போன் காலையிலேயே அவரோடு போய்விடும். அவளுக்கு எல்லாமே இந்தக் கடிகாரம்தான்.

“பாட்டரி போயிருக்குமோ அண்ணி?”

“பாட்டரி போனா நின்னுடும். இது அளந்து வச்ச மாதிரி அரை மணி பின்னால ஓடுது. உனக்கும் அது எட்டாது. எட்டுற உயரம் இந்த வீட்டுல ஒருத்தனுக்குத்தான்.”

“அவர் அப்படிச் செய்ய மாட்டார் அண்ணி.”

“என் தம்பியை எனக்குத் தெரியாதா? காய்ச்சல்ல கிடந்த எனக்கு வாங்கி வச்ச பிஸ்கட்டைத் தின்னவன் அவன்! காலையில வீட்டுலதானே சாப்பிடறான்?”

“இல்ல... ஒரு மாசமா டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போறார்.”

“பாத்தியா! அங்க எத்தனை டப்பாவோ!”

தன் கைப்பக்குவம் பிடிக்காமல்தான் எடுத்துப் போகிறார் என்று இத்தனை நாள் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தாள். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு மாதமாக நேரம் தப்பி, என் கையாலேயே அவருக்குப் போட்டிருக்கிறேனா? நாளைக்கு ஸ்கேனில் என்ன வரும்?

அவர் உள்ளே நுழைந்தார். சட்டை முழுக்கப் பஞ்சு, தோளில் பை.

“வாடா மெத்தை! யாரை ஏமாத்தறே? டாக்டரையா, உன் ஈரலையா?”

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். திருடன் அகப்பட்ட மாதிரியே இருந்தது.

“நாளைக்கு நானே டாக்டர்கிட்ட சொல்றேன். எங்கே அவர் எழுதிக் குடுத்த சீட்டு?”

“அக்கா, பையை விடு.”

விடுவாளா? பையைப் பிடுங்கி, மடித்து வைத்திருந்த சீட்டை விரித்து உரக்கப் படித்தாள்.

“காலை எட்டு முதல் மாலை ஆறு வரை...” குரல் நின்றது. “இதை அடிச்சிருக்கே. கீழ வேற எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார். காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை. பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.”

அவள் எட்டி, கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள். கை வெந்ததற்கு மறுநாள்.

எட்டரை மணிக்குக் காலைச் சாப்பாடு. அந்நேரம் அவர் பட்டறையில் இருப்பார். அதற்குத்தான் டப்பா.

“இதைச் சொல்லித் தொலைச்சா என்னடா?” என்றாள் நாத்தனார், பாதிக் குரலில்.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

“சொன்னா, என்னாலதானே டாக்டர் நேரத்தையே மாத்தினார்னு இவ உக்காந்து அழுவா. நீ வேற, ‘எங்க வீட்டுல அஞ்சு மணிக்கே சமையல் முடிஞ்சிடும்’னு ஆரம்பிச்சிடுவே. அதான் முள்ளை அரை மணி பின்னால தள்ளி வச்சேன். கடிகாரம்னா யாரையும் எதுவும் சொல்லாது பாரு.”

நாத்தனார் புடவையைச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டே, “என்னங்க, நான் உங்களைப் போய் ஒரு நிமிஷம்...” என்று ஆரம்பிப்பதற்குள், உள்ளேயிருந்து பீன்ஸ் நறுக்குகிற சத்தமும் கூடவே ஒரு குரலும்:

“ஏம்மா, உப்பு எங்கே வச்சிருக்கே? மெதுவா வா, ஓடி வராதே. இந்த வீட்டுக் கடிகாரத்துல இன்னும் ஆறே ஆகல.”