சருகு தட்டும் ஓசை

ரெங்கம் ரப்பர்த் தோட்டத்துக்கு அப்பால், காடு தொடங்கும் இடத்தில், மலாய்ப் பெரியவர் பாக் சாலே குந்தியிருந்து குச்சியால் சருகைத் தட்டுகிறார். டப்டப், டப்டப். பக்கத்தில் அவருடைய துப்பாக்கியோடு அம்பிகைபாகன் மூச்சடக்கி நிற்கிறான். யாழ்ப்பாணத்து விருந்தாளிக்கே முதல் வெடி என்று சாலேயின் மலாய்க் கிராமமான கம்பத்து மக்கள் ஆசையோடு அனுப்பியிருக்கிறார்கள். மறுத்தால் மனம் நோவார்கள். "ஜோடி கூப்பிடுதுன்னு நெனச்சு வரும், துவான்," என்று தோட்டத்தில் பழகிய தமிழில் சாலே கிசுகிசுக்கிறார். இலைகளினூடே ஒழுகும் வெளிச்சத்தில் சருகுமான் வந்து நிற்கிறது. முயலளவு உடம்பு, பென்சில் போன்ற கால்கள். கூப்பிட்டது எங்கே என்று காதை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. "சுடுங்க லா!" அம்பிகைபாகன் இருமுகிறான். அது போதாதென்று இன்னொரு தடவை, உரக்க இருமுகிறான். சருகு சிதற, மான் மறைகிறது. அவனுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாயிருக்கிறது. "தடிமன் பிடிச்சிட்டுது, பாக்..." சாலே துப்பாக்கியை மெல்ல வாங்கிக்கொண்டு அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறார். "காட்டுக் குளிரு அப்படித்தான், துவான். யாருக்கும் இருமல் வரும். வாங்க, வீட்டுல மீன் இருக்கு." உச்சிவெயிலில் இருவர் சட்டையும் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது.