கொண்டையப்பனின் மின்சாரக் கார்

கொண்டையப்பன் என்ற சேவல், மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தது. அன்று காலை எருமையின் டீக்கடையிலும் அதே பேச்சுதான்.

"சார்ஜ் தீர்ந்து நடுவழியில நின்னுட்டா என்ன பண்றது?" என்றது சேவல்.

"தினமும் எவ்வளவு தூரம் போறீங்கண்ணே?" என்று கேட்டது எருமை.

"சந்தைக்குப் போயிட்டு வர்றதுதான். ஆனா திடீர்னு இமயமலைக்குப் போக வேண்டி வந்தா?"

எருமை சேவலுக்குப் பின்னால் பார்த்தது. சேவல் திரும்பியது. சத்தமே இல்லாமல் ஒரு புதுக் கார் வந்து நின்றிருந்தது. ஓட்டி வந்தது சேவலின் மனைவி பொன்னிக்கோழி.

"பழைய வண்டியைக் குடுத்துட்டு இதை எடுத்துட்டேன்" என்றது கோழி.

"என்னைக் கேக்காமலா?"

"நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்துக்குவீங்க. தினமும் காலையில ஸ்டார்ட் ஆகாத அந்தப் பழைய வண்டியை இறங்கித் தள்ளினது நான்தானே? ஏறுங்க."

சேவலின் கொண்டை ஒரு நிமிடம் வெளிறிப்போனது. பிறகு சேவல் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி எருமையிடம் சொன்னது:

"நல்லா விசாரிச்சுத்தான் முடிவெடுத்தேன், தம்பி."