முந்தின நாள்

விசா விண்ணப்பத் தளத்தின் உதவி எண்ணில் பேசும் அருள்மேரி, தளம் திறக்கவில்லை என்பவர்களிடம் முதலில் கணினியின் தேதியைத்தான் கேட்பாள். தேதி தப்பாக இருந்தால் இணைப்பு கிடைக்காது. காரைக்காலிலிருந்து அழைத்த ஜொகரா பேகம் சொன்ன தேதி பல வருஷப் பழசு.

“இன்னிக்குத் தேதியை வச்சிடுங்க மேடம், திறந்திடும்.”

“நான்தாம்மா தினமும் இப்படித் திருப்பி வச்சிடுறேன். இதுக்கு மறுநாள்தான் எம்மவள அப்படிப் பேசிட்டேன். பாரிசுக்குப் போயிட்டா. இப்பத்தான் வரச் சொல்லியிருக்கா.”

“அப்ப மாத்திடலாமே?”

“மாத்தினா, நான் பேசினது பேசினதாயிடும்ல?”

என்ன பேசினீர்கள் என்ற கேள்வி அருள்மேரியின் நுனிநாக்கு வரை வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் மௌஸை அழுத்தும் சத்தம், விட்டு விட்டு.

“வருஷத்தை நேரா மாத்தலாம் மேடம்.”

“இல்லம்மா, மாசம் மாசமாவே வர்றேன். நீ லைன்லயே இரு.”