தீர்ந்துபோன செல்

பூதக்கண்ணாடி கழுத்துக் கயிற்றில் ஆட, வைரவன் பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பை நோக்கித் தலைதெறிக்க ஓடினார். "திருடனா அண்ணாச்சி?" என்று பூக்காரி கத்தினாள்.

திருடனாக இருந்தால் இவ்வளவு பதறமாட்டார். தேசம்மாவின் நாலு வயது மகளைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்துக்கு முன்பு அவருடைய வாட்ச் ரிப்பேர் கடைக்குத் தேசம்மா மகளோடு வந்திருந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்த சிங்கப்பூர் வாட்ச். சாவி கொடுக்காமல் செல்லில் ஓடுகிற புதுத் தினுசு. வைரவன் சட்டைப் பொத்தான் அளவே இருந்த தீர்ந்த செல்லை நெம்பியெடுத்து மேஜைத் தட்டில் வீசினார். முள், திருகாணி, மாத்திரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தட்டுதான். டீ வந்தது. பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே தட்டைத் துழாவிப் பிரஷர் மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஊற்றிக்கொண்டு, புதுச் செல்லை மாட்டிக் கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு பார்த்தால் தட்டில் பழைய செல் இல்லை. அந்தப் பெண் குழந்தை தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது அப்போதுதான் உறைத்தது.

செல் விற்கும் அப்துல் கரீம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "தீந்த செல்ல கண்ட எடத்துல போடாதீங்க அண்ணாச்சி. தனி டப்பாவுல போட்டு மூடுங்க. வயித்துக்குள்ள போனா கொடல அரிச்சிடும்."

வைரவன் அன்றைக்குச் சிரித்தார். பாவி, சிரித்தேனே என்று இப்போது ஓடிக்கொண்டே தன்னைத் திட்டிக்கொண்டார்.

பட்டினப்பாக்கம் பஸ் வந்துவிட்டது. தேசம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

"யம்மா, ஏறாத! ஒம் புள்ள செல்ல முழுங்கிட்டா!"

"ஐயோ, இன்னா அண்ணாச்சி சொல்ற!" தேசம்மா இறங்கி மகளை உலுக்கினாள். "வாயத் தொறடி!"

பெண் வாயைத் திறக்கவில்லை. கையையும் இறுக்கி மூடிக்கொண்டது.

வைரவன் நடுரோட்டில் பாய்ந்து ஓர் ஆட்டோவை மறித்தார். "ஆஸ்பத்திரிக்கு விடுப்பா! உயிர் போற காரியம்!"

அதற்குள் தேசம்மா மகளின் விரல்களைப் பிரித்துவிட்டாள். உள்ளே எச்சிலும் வேர்வையுமாகப் பாதி கரைந்து கிடந்தது, வைரவனின் வெள்ளைப் பிரஷர் மாத்திரை.

"மிட்டாய்னு எடுத்தேன் மாமா," என்று பெண் விசும்பியது. "கசக்குது."

வைரவனின் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது.

"யாருக்குய்யா ஒடம்பு சரியில்ல? சீக்கிரம் ஏத்து!" ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார்.

"எனக்குத்தாம்ப்பா."