பூவரசம் பொந்தில் மூன்று பேர்

"நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யின்னா, இந்தக் காமிராவைக் கொண்டுபோய்க் கடல்ல போட்டுடறேன்" என்றார் உலகநாதன்.

கொல்லைப்புற மதிலோரப் பூவரச மரத்தில் முதுகைச் சாய்த்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கிற உத்தேசம் தெரியவில்லை.

மரம் வெட்ட வந்த ஸ்டான்லி, மெஷின் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"இன்னா பெரியவரே, பேஜாரு பண்றீங்க. உங்க புள்ளதான் வரச் சொன்னாரு. பொந்துல ஆந்தை கத்துது, வூட்டுக்கு ஆவாது, இன்னிக்கே சாய்ச்சுடுன்னாரு."

"அவன் ஆபீஸ் போயிருக்கான். சாயங்காலம்தான் வருவான். நீ கேளு. உள்ள மூணு குஞ்சு. இன்னும் பறக்க வரல. நாலு நாள்ல பங்குனிப் பௌர்ணமி. நிலா கடல்லேர்ந்து ஏறி இந்தக் கிளைக்குப் பின்னாடி வரும். மூணும் வெளியே வந்து வரிசையா உட்காரும். அந்த ஒரு படத்துக்கு முப்பத்தாறு நாளாக் காத்திருக்கேன்."

"நீங்க சொன்னா வந்து உக்காருமா?"

"தாய்கிட்டப் பேசியாச்சு. காமிராவைப் பார்த்தா அது கழுத்தை மூணு சுத்து சுத்தி போஸ் குடுக்கும். எடுத்து முடிச்சதும் மூணு சுத்து திருப்பி அவுத்துக்கும். ஒருநாள் கடைசி அரைச் சுத்தை அவுக்க மறந்துட்டுது. ரெண்டு நாள் பின்னாடி பார்த்துக்கிட்டே பறந்துது, பாவம்."

ஸ்டான்லி கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"படாளத்துல ஒருத்தன் ஆந்தை மரத்தை வெட்டினான்" என்று தொடர்ந்தார். "அது அவன் பைக் பின்னாடியே மதுராந்தகம் வரைக்கும் வந்து, டீ குடிக்க நிறுத்தின இடத்துல, அவன் ஹெல்மெட்டுக்குள்ள முட்டை வெச்சுடுச்சு. ஒரு மாசம் ஹெல்மெட்டு போடாம ஓட்டினான். போலீஸ்காரர் நிறுத்தி, உள்ள எட்டிப் பார்த்துட்டு, 'மெதுவாப் போப்பா'ன்னு அனுப்பிட்டார்."

"கத வுடாதீங்க" என்றான் ஸ்டான்லி. ஆனாலும் அவன் பார்வை தன் பைக்கில் தொங்கிய ஹெல்மெட்டுக்குப் போய் வந்தது.

உலகநாதன் காமிராவின் திரையை அவன் பக்கம் திருப்பினார். பொந்து வாசலில் மூன்று சின்ன முகங்கள், வெள்ளைப் புருவம் வைத்து. மேலே கிளைகளின் இடுக்கில் ஒரே ஒரு நட்சத்திரம்.

ஸ்டான்லி வெகுநேரம் பார்த்தான்.

"இன்னா முறைக்குதுங்க. எங்க வூட்ல சின்னது இப்டித்தான் பாக்கும்." ரம்பத்தைத் தூக்கிக்கொண்டான். "எப்ப வரட்டும்?"

"குஞ்சுங்க பறக்கட்டும். இருபது நாள் கழிச்சு வா."

"உங்க புள்ள போன் பண்ணாருன்னா?"

"பெரியவர் வேணாம்னுட்டார்னு சொல்லு."

"அதுவும் சரிதான். பெத்தவங்க சொன்னா அப்பால பேச்சு கீதா?"

பைக் மாமல்லபுரம் ரோட்டில் திரும்பும்வரை உலகநாதன் கையசைத்தார். பிறகு காமிராவைக் கழுத்தில் மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டூலின் மேல் ஏறி, மதிலைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார்.