தவளை அண்ணனின் வேகம்

வெள்ளத்தில் குட்டிகள் ஒரு மேட்டிலும், தாய் விலங்குகள் எதிரே ஒடுங்கிய வரப்பில் ஒற்றை வரிசையாகவும் ஒதுங்கின. தவளை ஒவ்வொரு குட்டியாக முதுகில் ஏற்றி வந்து, முதல் தாயிலிருந்து ஒவ்வொரு தாயிடமும், “உன் பிள்ளையா?” என்று கேட்டுக்கொண்டே போனது.

கடைசியில் நின்ற மூஞ்சூறு கெஞ்சியது. “அண்ணே, முதல்ல இனம் இனமாப் பிரிச்சு வையுங்களேன். அணில் குட்டியை முயல்கிட்ட எதுக்குக் காட்டுறீங்க? அங்கே தண்ணி ஏறுது!”

“பிரிக்க உட்கார்ந்தா யாரம்மா நீந்துறது? இன்னும் வேகமாப் போறேன், பார்!” என்றது தவளை.

மேடு முக்கால்வாசி மூழ்கியபோது தவளை ஒரு மூஞ்சூறுக் குட்டியைக் கொண்டுவந்தது. குளிரில் அதன் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, என் பிள்ளை! இங்கே கொண்டாங்க!” என்று வரிசையின் கடைசியிலிருந்து தாய் அலறியது.

தவளை முதலில் நின்ற முயலிடம் போய், “உன் பிள்ளையா?” என்று கேட்டது.