பாரிஸில் பத்து நாள்

1926. ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய கையோடு பபேடான் பேட்டையிலுள்ள வீட்டுக்கு வந்த பிலோமினாளைப் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"பாரிஸ்ல என்னடி செஞ்சே?"

"பத்து நாளும் ராஜபோகம்க்கா! காலையில வெண்ணெய் ரொட்டி, காப்பி. மத்தியானம் படக்கூடத்துல சித்திரம் பாக்குறது. சாயங்காலம் காரைக்கால் சிநேகிதிகளோட ஆத்தங்கரையில மீன் வறுவல்."

"ஆயா வேலைக்குக் கூட்டிப்போன துரைசானி சும்மாவா விட்டாங்க? குழந்தையை யாரு பாத்தது?"

"அவங்கதான். குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. வந்த டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியாது, துரைசானிக்குப் பிரெஞ்சு தெரியாது. காரைக்கால் கன்னியர் மடத்துல பிரெஞ்சு படிச்ச நான்தான் எடுத்துச் சொன்னேன்: 'அம்மையாம். பத்து நாளைக்குப் பெத்தவ மட்டும்தான் கிட்ட இருக்கணுமாம்.'"

"டாக்டர் நிஜமா என்னடி சொன்னாரு?"

"மூட்டைப்பூச்சிக் கடி, மெத்தையை மாத்துங்கன்னாரு."